ஆடு தின்ற மட்டன்

டெல்வினிடம், "உங்க கம்பெனியில என்னதான் பண்றீங்க?" என்று யாராவது கேட்டுவிட்டால், கேட்டவர் ஏற வேண்டிய பஸ் போய்விடும். "முறுக்கு அச்சு பாத்திருக்கீங்கல்ல?" என்றுதான் அவன் ஆரம்பிப்பான். முறுக்கு அச்சில் மாவை மேலிருந்து அழுத்துகிறோம். அவனுடைய மெஷினில் அழுத்துவதற்குப் பதிலாக இரண்டு இரும்புத் திருகுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சுழலும். ஒரு முனையில் பட்டாணியிலிருந்து பிரித்தெடுத்த புரதப் பொடியும் தண்ணீரும் விழும். திருகுகள் அதைப் பிசைந்து, நெருக்கி, சூட்டில் உருக்கி, மறுமுனைக்குத் தள்ளும்.

"இது வரைக்கும் யார் வேணா பண்ணலாம். விஷயமே கடைசி வாய்லதான் இருக்கு" என்று இந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவான்.

அந்தக் கடைசி வாய் ஆள் நீளத்துக்கு ஒரு தட்டையான குழாய். அதன் சுவருக்குள் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டிருக்கும். உருகி வரும் கூழின் ஓரங்கள் சுவரைத் தொட்டதும் குளிர்ந்து சுணங்கும். நடுப்பகுதி சூடாகவே இருப்பதால் முந்திக்கொண்டு ஓடும். ஓரம் இழுக்க, நடு ஓட, அந்த இழுபறியில் கூழ் முழுவதும் ஒரே திசையில் நார் நாராகப் படிந்துவிடும். ஆட்டுத் தொடைக்கறியைப் பிய்த்தால் எப்படி நார் பிரியுமோ, அதேபோல. ஆடு ஒரு வருஷம் மேய்ந்து செய்கிற காரியத்தை மெஷின் சில நிமிடங்களில் செய்துவிடும். அதற்குப் புல் வேண்டாம், மேய்ப்பவர் வேண்டாம், கத்தியும் வேண்டாம்.

பிறகு அதற்குப் பீட்ரூட்டிலிருந்து நிறம் வரும், ஈஸ்டிலிருந்து வாசனை வரும், கொழுப்புக்குத் தேங்காய் எண்ணெய் வரும். எல்லாவற்றையும் கட்டி வைக்க, மரக்கூழிலிருந்து எடுக்கும் ஒரு வெள்ளைப் பொடி. வெல்லப்பாகோ நெய்யோ சூடானால் இளகும், ஆறினால் இறுகும். இந்தப் பொடி நேர்மாறு. சூட்டில் இறுகி, ஆறியதும் இளகிவிடும். எனவே இந்த மட்டனை ஆறவிட்டால் தட்டிலேயே தளர்ந்து உட்கார்ந்துவிடும். டெல்வின் இதையும் பெருமையாகவே சொல்வான். பாக்கெட்டின் பின்பக்கம் எறும்பு ஊர்வதுபோல் அச்சடித்த பொருள்களின் பெயர்கள். முன்பக்கம் பெரிய எழுத்தில் 'ஆடிலா மட்டன்: இயற்கையிலிருந்து நேராக.'

ஓசூர் சிப்காட்டில் இருந்த அந்தக் கம்பெனியை ஆரம்பித்தவர் பிரணவ். பெங்களூரிலிருந்து தினமும் அத்திப்பள்ளி தாண்டி வருவார். பிறந்ததிலிருந்து மாமிசம் தொட்டதில்லை. உலகத்தில் ஒரு ஆடுகூட அறுபடக் கூடாது என்று உண்மையாகவே ஆசைப்பட்டார். அந்த ஆசைக்குப் பழுது சொல்ல முடியாது. ஆனால் மட்டன் எப்படி இருக்கும் என்று தெரியாத ஒருவர் மட்டன் செய்யக் கிளம்பியதால், தெரிந்த நாக்குகளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கிருஷ்ணகிரியில் ஞாயிறு பூசை முடிந்த கையோடு கறிக்கடை வரிசையில் நின்று வளர்ந்த டெல்வினுக்கு உணவுத் தொழில்நுட்பப் பட்டமும் இருந்தது, நாக்கும் இருந்தது.

கம்பெனி வளாகத்துக்குள் அசைவம் கூடாது. கேட்டில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்டித்தான் உள்ளே போக வேண்டும். முட்டைப் பொரியலுக்கே ஒருவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதே சமயம், தங்கள் மட்டன் எவ்வளவு தூரம் மட்டனாகியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க உண்மையான மட்டன் வாரா வாரம் தேவைப்பட்டது. அதனால் மதில் சுவருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை போட்டு, அங்கே கறியை வேகவைத்து, ரெஃபரன்ஸ் என்பதைச் சுருக்கி 'மாதிரி ஆர்' என்று ஒட்டிய எவர்சில்வர் டப்பாவில் சுவர் வழியாக உள்ளே நீட்டினார்கள்.

"இங்க கறி கொண்டாரக் கூடாதாம், கறி செய்யலாமாம்" என்பாள் செல்லி. அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கூட்டிப் பெருக்கும் வேலையில் சேர்ந்தவள். "நல்லா இருக்குது சார் உங்க நாயம்."

வம்பு ஆரம்பித்தது ஒரு வெள்ளாட்டிலிருந்து. அறுத்த சூட்டோடு கறியின் நார் எப்படி இருக்கிறது என்று டெல்வினுக்கு அளந்து பார்க்க வேண்டியிருந்தது. கடைக்கறியில் அது தெரியாது. அறுத்த சில மணி நேரத்தில் நார் விறைத்துவிடும். எனவே உயிரோடு ஒரு பெட்டையாட்டை வாங்கி வேனில் ஏற்றி வந்தான். பழுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, முன்னங்கால் ஒன்று வெள்ளை. கேட்டில் வேன் நின்றபோது பிரணவின் காரும் வந்து நின்றது. ஆடு கம்பிக்கு வெளியே முகத்தை நீட்டி அவரைப் பார்த்தது.

பிரணவின் கண் கலங்கிவிட்டது. "டெல்வின், இது என்னைப் பாக்குது."

"பசி சார்."

"இல்ல. இது கேக்குது." அங்கேயே ஆட்டை இறக்கச் சொல்லி மித்ரா என்று பெயர் வைத்தார். அடுத்த வாரம் முதல் ஆடிலா பாக்கெட்டுகளில் மித்ராவின் முகம் வந்தது. கீழே, 'இவளைக் காப்பாற்றினோம்.' மதிலுக்கு வெளியே மாதிரி ஆர் வழக்கம்போல் வெந்துகொண்டிருந்தது. அந்த ஆடுகள் யாரையும் பார்க்க வாய்ப்பு கிடைக்காதவை.

மித்ராவுக்குப் பார்க்கிங் ஓரத்தில் கொட்டகை போட்டு, பார்த்துக்கொள்ளும் வேலையைச் செல்லியிடம் கொடுத்தார்கள். செல்லி தினமும் அதன் இடுப்பை அமுக்கிப் பார்த்துவிட்டு டெல்வினிடம் கேட்பாள்: "எப்ப சார் அறுக்கறீங்க? குடலும் ஈரலும் எனக்குன்னு சொல்லி வெச்சுருக்கறன்."

"இத அறுக்க மாட்டாங்க செல்லி."

"பின்ன எதுக்கு சார் தீனி?"

டெல்வின் மெஷின் பக்கம் நடந்துவிடுவான். அவன் கவலை வேறு. பட்டாணிப் பொடி கப்பலில் வர வேண்டியிருந்தது, சரக்கு விற்கவில்லை. முதல் பாக்கெட்டை ஆர்வத்தில் வாங்கியவர்கள் இரண்டாவது பாக்கெட்டை வாங்கவில்லை. பம்பாயிலிருந்து முதலீட்டாளர்கள் வருகிறார்கள், அவர்கள் பணம் போட்டால் மெஷின் ஓடும், போடாவிட்டால் தார்ப்பாய்தான் என்று பிரணவ் கூட்டத்தில் சொல்லிவிட்டார். அந்த வார்த்தை டெல்வினின் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. பெட்டிகளில் வந்த மெஷினைப் பிரித்து, ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கி, திருகுகளின் இடைவெளியைக் கையால் சரிபார்த்து, முதல் நார் விழுந்த அன்று சாப்பிடக்கூட மறந்து நின்றவன் அவன். தார்ப்பாய்க்கு அடியில் அதை நினைத்துப் பார்க்க அவனால் முடியவில்லை. அன்று சாயங்காலம் புனித அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டான்.

முதலீட்டாளர்களுக்கு ஒரு வீடியோ எடுக்க வேண்டும் என்றார் பிரணவ். "மித்ரா நம்ம ஆடிலாவைச் சாப்பிடணும். ஆடே மட்டன் சாப்பிடுது. யோசிச்சுப் பாருங்க! இதைவிட என்ன சர்டிபிகேட் வேணும்?"

செல்லி விளக்குமாறோடு நின்றுவிட்டாள். "ஆட்டுக்கு மட்டனா?"

"மட்டன் இல்ல, பட்டாணி" என்றான் டெல்வின். மெஷினை ஓட்ட ஆரம்பிக்கும்போது சூடு நிலைப்படும் வரை சில மூட்டை உதிர்ந்த சரக்கு விழும். அது விற்பனைக்கு ஆகாது, குப்பைக்குத்தான் போகும். அதையே ஆட்டுக்குப் போட்டால் வீணாவதும் குறையும், வீடியோவும் ஆகும். ஆடு தின்பது தழை. பட்டாணியும் செடியில் காய்ப்பது. தழையைவிட இதில் பல மடங்கு புரதம். காகிதத்தில் கணக்கு அழகாக வந்தது.

ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. கேமரா காத்திருந்தது. தழையை நிறுத்திப் பட்டினி போட்டார்கள். வெல்லப்பாகைக் கலந்தார்கள். அதற்குப் பிறகு மித்ரா தின்ன ஆரம்பித்தது பாருங்கள், வாளியைத் தலையால் முட்டிக்கொண்டு தின்றது. பிரணவ் கைதட்டினார். வீடியோ பிரமாதமாக வந்தது. நன்றாகத் தின்கிறதே என்று மறுநாளும் வாளி நிறையப் போட்டார்கள்.

அதற்கடுத்த நாள் காலை செல்லி ஓடிவந்தாள். "சார், மித்ரா ஒரு பக்கமா பலூன் கணக்கா ஊதிக்கினு படுத்துருக்குது. வா சார் சீக்கிரம்."

மறுநாள் மாலைதான் முதலீட்டாளர்கள் வரும் விழா. கால்நடை மருத்துவமனையிலிருந்து டாக்டர் அனுப்ரியா வந்தார். ஆட்டின் இடது விலாவில் விரலால் சுண்டினார். தவில்போல் சத்தம் வந்தது.

"என்ன குடுத்தீங்க?"

"புரோட்டீன் மேடம்" என்றான் டெல்வின்.

"ஏன், ஜிம்முக்குப் போகுதா?"

டெல்வின் எல்லாவற்றையும் சொன்னான். டாக்டர் ஆட்டின் வாய்வழியாக ஒரு குழாயை விட்டுக்கொண்டே கேட்டார். குழாயில் காற்று வரவில்லை, நுரைதான் வந்தது. "கல்யாண வீட்டுல மிஞ்சின சோத்தைத் தின்னு செத்த மாடு பாத்துருக்கேன். போஸ்டர் தின்ன மாடு பாத்துருக்கேன். மட்டன் தின்ன ஆடு இதான் மொத தடவை. எழுதி வெச்சுக்கறேன்."

பிறகு அவர் விளக்க, அந்த நிலைமையிலும் டெல்வினுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. ஆட்டின் முதல் வயிறு ஒரு புளிக்கவைக்கும் தொட்டி. அதில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. ஆடு தழையைத் தின்று அவற்றுக்குப் போடுகிறது. அவை தழையை மெதுவாகப் புளிக்கவைத்துத் தாமும் பெருகுகின்றன. ஆடு கடைசியில் அவற்றையே செரித்துக்கொள்கிறது. புளிக்கும்போது வரும் காற்றை ஏப்பமாக விட்டுவிடும். தழை நார் நாராக இருப்பதால் எல்லாம் நிதானமாக நடக்கும். பொடியாக அரைத்த புரதமும் வெல்லமும் ஒரே நேரத்தில் போய் விழுந்தால் தொட்டி பொங்கிவிடும். அமிலம் ஏறும், நுரை கட்டும், காற்று நுரைக்குள் மாட்டிக்கொள்ளும், ஏப்பம் வராது.

'கண்ட தழையையும் கறியாக்குற மெஷின்' என்று நினைத்தான் டெல்வின். கப்பலில் பொடி வர வேண்டாம், கரண்ட் வேண்டாம், மரக்கூழ்ப் பொடி வேண்டாம். அதற்குப் போய் நம் மெஷினின் குப்பையைக் கொட்டினோமே!

டாக்டர் எண்ணெயும் சோடா உப்பும் கலந்து ஊற்றினார், ஊசிகள் போட்டார். செல்லி மெல்ல வந்து குனிந்தாள். "டாக்டரம்மா, உசுரு இருக்கசொல்லவே அறுத்துட்டா கறியாச்சும் ஆவுமில்ல?"

"ஊசி போட்டாச்சும்மா. மருந்து கறியில தங்கும். இனி இதத் திங்கக் கூடாது."

"கோழிக்குந்தான் ஊசி போடறாங்கோ. நாங்க தின்னறமே?"

"அங்க என்னைக் கூப்புட்டுக் கேட்டுட்டுப் போடறதில்லையே" என்று சொல்லிவிட்டு டாக்டர் கையைக் கழுவப் போனார்.

சாயங்காலம் மித்ரா செத்துப்போனது. எந்த ஆட்டையும் கொல்லாத கம்பெனியின் ஒரே ஆடு. செல்லி உண்மையாகவே அழுதாள். பாதி பாசம், பாதி ஈரல்.

பிரணவ் பெங்களூரில் முதலீட்டாளர்களை வரவேற்கப் போயிருந்தார். டெல்வின் போனை எடுத்தான், வைத்தான். ஆடு செத்தது தெரிந்தால் விழா இல்லை, விழா இல்லாவிட்டால் பணம் இல்லை, பணம் இல்லாவிட்டால் தார்ப்பாய். அதிர்ஷ்டவசமாக மறுநாள் குந்தாரப்பள்ளியில் ஆட்டுச் சந்தை. விடிந்ததும் செல்லியை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

சந்தையில் திம்மராயன் என்ற வியாபாரியிடம் போனில் மித்ராவின் படத்தைக் காட்டினான். "இந்த மாதிரி ஒரு ஆடு வேணும். நெத்தியில சுட்டி, முன்னங்கால் ஒண்ணு வெள்ளை."

திம்மராயன் போனை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு டெல்வினைப் பார்த்தார். "எல்லாரும் இடுப்பப் புடிச்சுப் பாப்பாங்கோ, தூக்கி எடை பாப்பாங்கோ. மூஞ்சியப் பாத்து ஆடு வாங்க வந்தவன் நீ ஒருத்தன்தான் சாமி. சம்பந்தம் பேசப் போறியா?"

மந்தை மந்தையாகப் பார்த்தார்கள். சுட்டி இருந்தால் கால் கறுப்பு. கால் வெள்ளை என்றால் சுட்டி இல்லை. கடைசியில் ஒன்று கிடைத்தது. அச்சு அசல் மித்ரா.

செல்லி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "சார், இது கிடா."

"வெளிய தெரியுமா அது?"

"கண்ணு இருக்கறவங்களுக்குத் தெரியும்."

டெல்வின் ஒரு கணம் யோசித்துவிட்டுத் துண்டை வாங்கினான். இங்கே விலையை வாயால் சொல்லும் வழக்கமில்லை. துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் பேச வேண்டும். திம்மராயன் பிடித்த விரல்களை டெல்வின் அப்படியே விட்டுவிட்டான். பேரமே பேசாத ஆளைப் பார்த்து அவருக்கே சங்கடமாகிவிட்டது. "ஆடு நல்லா தண்ணி குடிச்சிருக்கு, வேனுல மோளும், பாத்துக்கோ" என்று ஒரு உபரித் தகவலை இலவசமாகத் தந்தார்.

அது வழியெல்லாம் மோண்டது. சந்தைக்குக் கொண்டுவருமுன் தவிட்டில் உப்பைக் கலந்து போட்டால், ஆடு தாகத்தில் குடம் குடமாகக் குடிக்கும். வயிறு உருண்டு, எடை ஏறும். செல்லி இதைச் சொன்னபோது டெல்வினுக்கு மரக்கூழ்ப் பொடி ஞாபகம் வந்தது. அந்தப் பொடியின் இன்னொரு வேலையும் தண்ணீரைப் பிடித்துவைத்து எடை காட்டுவதுதான். தண்ணீரைக் கறி விலைக்கு விற்பதில் இரண்டு தொழிலும் அண்ணன் தம்பி.

விழாவில் கிடாவுக்குச் சாமந்தி மாலை போட்டு மேடையேற்றினார்கள். பின்பக்கம் மறைய ஒரு பட்டுத்துணி போர்த்தியிருந்தாள் செல்லி. புது மித்ரா மாலையைத் தின்றது. மேடை முழுக்கக் கிடாவாடை. முதலீட்டாளர் குழுவின் தலைவியான அம்மாள் கண்ணை மூடி மூச்சை இழுத்து, "உங்க மட்டனோட மணமா? ரொம்ப நேச்சுரல்" என்றார். பிரணவ் மித்ராவைக் காப்பாற்றிய கதையைச் சொன்னார். அது கேட்டில் தன்னைப் பார்த்ததைச் சொன்னார். சொல்லிக்கொண்டே அதன் முதுகைத் தடவ, பட்டுத்துணி சரிந்தது. அவருடைய கை அப்படியே நின்றது. ஒரு நொடிதான். துணியை இழுத்துவிட்டு, "இவளுடைய கண்ணைப் பாருங்கள்" என்று கதையைத் தொடர்ந்தார்.

டெல்வின் ஒரு தட்டில் நார் தெரியும்படி அறுத்த துண்டுகளை அடுக்கி, குளிர்ந்த குழாயின் படத்தையும் வரைந்து வைத்திருந்தான். அந்த அம்மாள் ஒரு துண்டை வாயில் போட்டு, நாகரிகமாக மென்று, நாகரிகமாகக் கைக்குட்டையில் துப்பினார். படத்தின் பக்கம் திரும்பவில்லை. கிடாவோடு நின்று விதவிதமாகப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

எல்லோரும் போனபின் டெல்வின் பிரணவிடம் போனான். "சார், ஒண்ணு சொல்லணும். ஆடு..."

"செத்துப்போச்சு. தெரியுது." பிரணவ் கிடாவின் காதை நீவிக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார். "ஆடு முக்கியமில்ல டெல்வின். கதை உயிரோட இருக்கணும். நீங்க அதைக் காப்பாத்திட்டீங்க. கிரேட் ஜாப்."

அவர் கண் இப்போதும் கலங்கித்தான் இருந்தது. அதுதான் டெல்வினுக்குப் புரியவில்லை.

பணம் வந்தது. அதோடு ஒரு திட்டமும் வந்தது. ஊர் ஊராக விற்பனை தொடங்கப் போகிறார்கள். ஒவ்வோர் ஊரிலும், அந்த ஊரில் காப்பாற்றிய ஒரு ஆடு மேடையில் நிற்கும். இவ்வளவு வேலைக்கு நடுவில் மட்டனையும் நாமே செய்துகொண்டிருக்க வேண்டியதில்லை என்று முடிவாயிற்று. வடக்கே நாய்த் தீனி செய்யும் ஒரு தொழிற்சாலையில் இதேபோன்ற மெஷின்கள் பாதி நேரம் சும்மா இருக்கின்றன. அங்கேயே செய்து பாக்கெட் போட்டுவிடலாம். ஓசூர் மெஷினை நிறுத்திவிடலாம்.

"நீங்க கவலைப்படாதீங்க" என்றார் பிரணவ். "உங்களுக்கு ப்ரமோஷன். இனி நீங்க மீட்புப் பிரிவுக்குத் தலைவர்."

"மெஷின் சார்..."

"ஆடு செலக்ட் பண்றதுல உங்களுக்கு இருக்கற கண்ணு யாருக்கும் இல்ல."

"விழா முடிஞ்சதும் அந்த ஆடுங்கள என்ன சார் பண்றது?"

"அந்தந்த ஊர்ல ஏதாவது காப்பகம் இருக்கும்."

"இல்லன்னா?"

பிரணவ் அவன் தோளைத் தட்டினார். "டெல்வின், நல்ல நாள்ல அதைப் பேச வேண்டாமே."

கடைசி ஓட்டத்தை டெல்வின் தனியாக ஓட்டினான். மெஷினைச் சும்மா அணைத்துவிட முடியாது. உள்ளே இருக்கும் கூழ் திருகுகளைச் சுற்றிக் கல்லாக இறுகிவிடும். பொடியைக் குறைத்து, தண்ணீரைக் கூட்டி, சூட்டைப் படிப்படியாக இறக்கி, உள்ளே இருப்பதெல்லாம் வெளியேறும் வரை நிற்க வேண்டும். அப்படிச் சூடு இறங்கிவந்த ஏதோ ஒரு புள்ளியில், குழாயின் வாயில் ஒரு முழ நீளத்துக்கு வந்த துண்டைப் பிய்த்துப் பார்த்தான். நூல் நூலாகப் பிரிந்தது. இத்தனை மாதம் தேடியும் கிடைக்காத நார். சூட்டைக் குறைத்திருந்தால் எப்போதோ கிடைத்திருக்கும். அந்தச் சூடு எவ்வளவு என்று பார்க்கத் திரும்புவதற்குள் முள் இறங்கிப் போய்விட்டது.

போன் அதிர்ந்தது. பிரணவ் அனுப்பியிருந்தார்: 'கோயம்புத்தூருக்குக் கொஞ்சம் சோகமான கண்ணா பாருங்க.'

டெல்வின் துண்டை வாயில் போட்டு மென்றான். நன்றாகத்தான் இருந்தது. ஆறுவதற்குள் விழுங்கிவிட்டு, தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடிக்கச் செல்லியைக் கூப்பிட்டான்.